இரைப்பை சிறுத்தது, மனம்?

தேர்வுக்கு முந்தைய இரவில் முறுக்கு டப்பாவைத் தேடியிருப்பீர்கள். அது வயிற்றின் பசியா, மனத்தின் பதற்றமா? அறுவை மருத்துவர்களுக்கும் இது முக்கியமான கேள்வியே.

1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன், சிக்காஷி இட்டோ என்ற இருவர் மிகைப் பருமனைக் குறைக்க ஒரு வழி கண்டனர். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலுடன் இணைப்பதே அது. இன்று அப்பையின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர்தான். இரண்டு மேசைக்கரண்டி நீர்!

கொள்ளளவை அளந்துவிடலாம். ஆனால் துயரம் வந்தால் உண்பது என்ற பழக்கத்தைக் கத்தி தொடுவதில்லையே! ஆகவேதான் அறுவைக்கு முன்பே உளவியலறிஞர் நோயாளியிடம், எப்போது, எதற்காக உண்கிறீர்கள் என்று கேட்கிறார். வருத்தத்தைத் தாங்க வேறு வழிகளைப் பழக்குகிறார்.

பிறகு நிகழ்வதுதான் எனக்கு இன்னும் விந்தையாகத் தோன்றுகிறது. தராசு முள் இறங்கிவிடும். மூளையிலுள்ள உடலின் படமோ அவ்வளவு விரைவில் மாறாது. மெலிந்த பின்னும் சிலர் கடையில் பழைய அளவுச் சட்டையையே எடுப்பர். தாராளமான இடைவெளியிலும் உடலை ஒருக்களித்தே நுழைவர். எடை குறைந்தும் மகிழ்ச்சி வரவில்லையே என்று சோர்வோரும் உண்டு. அதனால் காயம் ஆறிய பின்னும் ஆலோசனை தொடர்கிறது. "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று வற்புறுத்தாதிருக்க வீட்டாரும் பழக வேண்டியிருக்கிறது.