ஆற்று மண் எங்கிருந்து வருகிறது?

மழைக்காலத்தில் ஆறு செந்நிறமாக ஓடக் கண்டு, புது வெள்ளம் வந்ததென்று மகிழ்வது நம் வழக்கம். அந்நிறம் எவரோ ஒரு விவசாயியின் மேல்மண் என்பதை நாம் எண்ணுவதில்லை. அம்மண் அணையில் படியப் படிய, நீர் நிற்கும் இடம் குறைகிறது. மேட்டு நிலத்தார் மண்ணை இழக்கின்றனர். பாசனத்தார் நீரை இழக்கின்றனர்.

1955-இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையை எடுத்துக்கொள்வோம். பவானியும் மோயாறும் அங்கே கூடுகின்றன. இரண்டும் நீலகிரிச் சரிவுகளின் நீரைக் கொண்டுவருபவை. அச்சரிவுகளில் காடும் தேயிலைத் தோட்டமும் உண்டு. உருளைக்கிழங்கு, காய்கறி விளையும் நிலங்களும், சாலைக்காக வெட்டிய மேடுகளும், ஓடைக் கரைகளும் உண்டு. வண்டல் இவற்றுள் எதிலிருந்து வருகிறதென அறியாமல் தடுப்பு வேலை செய்வது, நோயறியாமல் மருந்து கொடுப்பதாகும். பொதுப் பணமும் வீணாகும்.

துணியினின்று ஓர் இழையை உருவி, அதன் முறுக்கையும் சாயத்தையும் கண்டு, இன்ன நூலென்று சொல்லவல்ல நெசவாளர்கள் நம்மிடையே உளர். மண்ணுக்கும் நிறம், தாது, காந்தத் தன்மை ஆகிய அடையாளங்கள் உண்டு. மற்றோர் அடையாளம் சீசியம்-137. 1950, 1960-களின் அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் பரவி, மழையோடு இறங்கிய இப்பொருள், களிமண் துகள்களை இறுகப் பற்றி மேல்மண்ணில் தங்கியது. சுமார் 30 ஆண்டுகளில் இது பாதியாகக் குறையும். எனினும் இன்றும் அளந்தறியலாம். வண்டலில் இது மிகுந்திருந்தால், மண் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து வந்தது. மிக அருகியிருந்தால், ஓடைக் கரையும் பள்ளங்களும் அறுத்துத் தந்த அடிமண்.

முன்னதற்குச் சமமட்ட வரப்பும், சரிவுக்குக் குறுக்கே உழுவதும், மூடுபயிரும் மருந்து. பின்னதற்குத் தடுப்பணையும், கரையில் வெட்டிவேர் நடுதலும் வேண்டும். ஒன்றின் மருந்து மட்டும் மற்றொன்றுக்குப் போதாது.

சீசியத்தை அளக்க ஆய்வுக்கூடம் தேவை. ஆயினும் முதற்படியை நாமே செய்யலாம். நல்ல மழை பெய்து வெள்ளம் தணிந்ததும், ஓடைகள் கூடுமிடந்தோறும், ஒரே நாளில், ஒரே அளவான கண்ணாடிப் புட்டிகளில் நீரெடுத்து, ஊரின் பெயரெழுதி அசையாமல் வைப்போம். தெளிந்தபின் அடியில் நிற்கும் மண்ணின் கனத்தையும் நிறத்தையும் ஒப்பிடுவோம். ஓடையின் நீரளவையும் குறித்தல் அவசியம். சிற்றோடை கலங்கி ஓடினும், பேரோடை தெளிவாகத் தோன்றியே மிகுதியான மண்ணைக் கொண்டுபோகக்கூடும்.

மேட்டு ஊராரின் உழவே காரணமென்று பழி சொல்லுமுன் இச்சோதனையைச் செய்வோம். காரணம் நம் ஊர் ஓடைக் கரையாகவும் இருக்கலாம். மேட்டாரும் பள்ளத்தாரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து அப்புட்டிகளைப் பார்த்து முடிவு செய்வதே கூட்டுறவுக்கு அழகு.