வரிசை வேண்டாம், கலந்து நடுங்கள்: மலைவீட்டுத் தோட்டத்துக்கு 10 குறிப்புகள்

ஊட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, தேயிலையும் அணையும் சூழ்ந்த ஊர் கிளென்மார்கன். இப்படிப்பட்ட மலையூரில் வீட்டுத் தோட்டம் போடுபவர்களுக்கானவை இந்தக் குறிப்புகள். மார்க்கெட்டுக்குப் பயிர் செய்பவருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளைய வேண்டும். அதற்கு வரிசையும் அளவும் தேவை. வீட்டுக்கோ தினம் ஒரு கை கீரை, நாலு கேரட், ஒரு பிடி பீன்ஸ் போதும். அதற்கு எல்லாம் கலந்து வளரும் தோட்டமே ஏற்றது. பார்வைக்குத் தாறுமாறாக இருந்தாலும் மண்ணுக்கும் சமையலுக்கும் நல்லது.

1. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாக இழுத்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் தென்மேற்குப் பருவமழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடும். நீலகிரியில் மண் அரிப்பு அவ்வளவு பெரிய கவலை. இதை ஆராயும் மத்திய அரசு மையம் ஊட்டியில் 1954 முதல் இயங்குகிறது. பாத்திக்குள் செடிகள் நெருங்கிக் கலந்து நின்றால், இலைகள் மழையின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும்.

2. கேரட் விதையோடு கொஞ்சம் முள்ளங்கி விதையும் மணலும் கலந்து தூவுங்கள். குளிரில் கேரட் முளைக்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் தலைகாட்டி, விதைத்த இடத்தை அடையாளம் காட்டும். சுமார் 45 நாளில் அதைப் பிடுங்கினால், அந்த இடைவெளியில் கேரட் பருக்கும்.

3. பூண்டு, லீக்ஸ், வெங்காயத்தாள் மூன்றையும் தனிப் பாத்தியில் அடைக்காதீர்கள். இவற்றின் இலை நேராக மேலெழும். பக்கத்துச் செடிக்கு நிழல் கட்டாது. கேரட், பீட்ரூட் நடுவே சும்மா கிடக்கும் இடத்தில் எல்லாம் ஒரு பல், ஒரு நாற்று என்று ஊன்றலாம்.

4. முட்டைக்கோஸ் நாற்று நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சுற்றிலும் கடுகு தூவுங்கள். கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகைத்தான் முதலில் நாடும். புழு பிடித்த கடுகுச் செடியைத் தாமதிக்காமல் பிடுங்கி அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் புழு கோஸுக்குத் தாவிவிடும்.

5. கொத்தமல்லியில் நாலைந்து செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். அந்தச் சிறு பூக்களைத் தேடி வரும் குளவிகளும் பொறிவண்டுகளும் அசுவினி பெருகாமல் பார்த்துக்கொள்ளும்.

6. பட்டாணி, பீன்ஸ் கொடி ஏற, தேயிலைக் கவாத்தில் விழும் மிளாறுகளை ஊன்றுங்கள், காசு செலவில்லை. காய்ப்பு முடிந்ததும் கொடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்துவிடுங்கள். வேர் முடிச்சுகளில் தங்கிய தழைச்சத்து அடுத்து நடும் கோஸுக்கோ கீரைக்கோ உதவும்.

7. மேரக்காயை வேலியோரத்தில் ஏற்றுங்கள். விதை தேட வேண்டாம். முளைவிட்ட முழுக் காயையே பாதி புதைத்தால் போதும். உயரமான கொடிகள் வடக்கு ஓரத்தில் இருக்கட்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது மற்றச் செடிகளுக்கு வெயில் மறையாது.

8. கலப்பிலும் சேரக் கூடாத ஜோடி உண்டு. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடுபனி ஈரத்தில் கருகல் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று பரவும். 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு நூற்புழு பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். ஆகவே ஒரே மூலையில் மறுபடி மறுபடி உருளை போடாமல், இடையில் பூண்டு, கேரட், பீன்ஸ் என்று மாற்றுங்கள்.

9. தானாக முளைப்பதெல்லாம் களையல்ல. குப்பைக்கீரை, மணத்தக்காளி நன்றாகத் தெரிந்த செடி என்றால் விட்டுவைத்துச் சமையலுக்குப் பறியுங்கள். ஆனால் மருந்தடிக்கும் தேயிலைக்கு ஒட்டிய ஓரத்தில் கீரை பறிக்கவே வேண்டாம்.

10. பாக்கெட் விதை முழுவதையும் ஒரே நாளில் தீர்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலியான இடத்தில் ஒரு சிட்டிகை தூவுங்கள். கால் வைக்க இடையிடையே தட்டைக்கல் பதித்துவிட்டால், பாத்தி மண் மிதிபட்டு இறுகாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் மாதங்களில் பீன்ஸைத் தவிர்த்து, குளிர் தாங்கும் கோஸ், கேரட், கீரைகளை முன்னிறுத்துங்கள்.

ஒரே பயிர் நின்ற தோட்டத்தில் ஒரு நோய் வந்தால் அத்தனையும் போகும். பத்துப் பயிர் கலந்து நின்றால் ஒன்று போனாலும் ஒன்பது அடுப்படிக்கு வரும். தோட்டம் முழுவதையும் உடனே மாற்றத் தயக்கமாக இருந்தால், இந்தப் போகத்தில் ஒரே ஒரு பாத்தியைக் கலந்து நட்டுப் பாருங்கள்.