வேலிப் பொட்டு வழியே வரும் விருந்தாளி

தோட்டத்து உறவுகளே, முள்ளம்பன்றியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக வந்து கிழங்குப் பாத்தியைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறதே, அதுதான். ஆனால் முள்ளெலி என்பது வேறு. கையில் அடங்குகிற சின்னப் பிராணி. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு கொள்ளும். வண்டும் புழுவும்தான் அதன் முக்கியச் சாப்பாடு. இலங்கையில் முள்ளெலி கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் உண்டு.

இங்கிலாந்தில் முள்ளெலி வீட்டுத் தோட்டத்துக்கே வரும். ஒரு ராத்திரியில் ஒரு கிலோமீற்றருக்கு மேலே நடந்துதான் வயிற்றை நிரப்பும். ஊரெல்லாம் அடைப்பு வேலி வந்ததும் அதற்குப் போக வழியில்லை. 2020இல் அழியும் ஆபத்திலுள்ள பிராணிகளின் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். அதனால் அங்கே சனங்கள் வேலியின் அடியில் 13 சென்றிமீற்றர் சதுரத்தில் ஓட்டை வைக்கிறார்கள்.

நம்ம யாழ்ப்பாணத்தில் இந்த ஓட்டைக்குப் பெயரே இருக்கிறது: பொட்டு! கிடுகு வேலியிலும் பனையோலை வேலியிலும் பொட்டு இல்லாத வளவு குறைவு. பக்கத்து வீட்டுக்கு மனிதர் நுழைகிற பொட்டு வழியாகவே கீரியும் வரும், உடும்பும் வரும். கீரி எலியையும் பாம்பையும் பிடிக்கும். உடும்பு வண்டு, நத்தை எல்லாம் தின்னும். இப்போது வேலி போய் மதில் வருகிறது. கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அடியில் ஒரு துவாரம் விட்டால் போதும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, கிணறுதான் எல்லாம். கட்டில்லாத தோட்டக் கிணற்றில் ராத்திரி விழுந்த பிராணி ஏற முடியாமல் செத்துப்போகும், தண்ணீரும் கெட்டுப்போகும். முரட்டுப் பலகை ஒன்றையோ முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றையோ உள்ளே இறக்கி வைத்தால் பற்றி ஏறப் பார்க்கும். நம்ம லயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் மருந்து கலக்கும் பீப்பாய்க்கும் மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் அதே பலகைதான்.

பால் வைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பாசத்தோடு வைத்த பாலும் பாணும் முள்ளெலிக்கு வயிற்றோட்டத்தைத்தான் கொடுத்தன. தட்டையான சட்டியில் தண்ணீர் வைத்தால் போதும். எலி மருந்தும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். மருந்து தின்ற எலியைத் தின்னும் கீரியும் சாகலாம். அப்புறம் எலியைப் பிடிக்க யார் வருவார்? கோழிக்கூட்டை மட்டும் அந்தி சாய்வதற்குள் இறுக்கமாகப் பூட்டுங்கள். கீரிக்குக் கோழிக்குஞ்சும் எலியும் ஒன்றுதான்.

உடும்பு இறைச்சிக்கு ஆசைப்படுகிறவர்கள் நம்மிலும் உண்டு, வடக்கிலும் உண்டு. உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடித்தால் வழக்கு வரும்.

எந்தப் பிராணியையும் கையால் தூக்க வேண்டாம், பிள்ளைகளை விடவும் வேண்டாம். கீரிக்கும் விசர்நோய் வரும். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.