பாயில் எந்த எண்ணை ஒட்டுவது?

பழைய பாய்ப்படகை வாங்குகிறவர் முதலில் விலையைப் பார்ப்பார், பிறகு பாயின் கிழிசலைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பாயின் மேல்பகுதியில் ஒட்டியிருக்கும் எண் கண்ணில் படும். ‘இது முன்பு வைத்திருந்தவருடைய எண்ணாயிற்றே, இதோடு ஓட்டலாமா, மாற்ற வேண்டுமா?’ என்ற கேள்வி அப்போது எழும். எல்லாருக்கும் பொருந்தும் பதில் இதற்கு இல்லை. அந்த எண் படகுக்குச் சொந்தமா, ஆளுக்குச் சொந்தமா, போட்டிக்குச் சொந்தமா என்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காசிமேட்டு விசைப்படகுகளில் ‘ஐஎன்டி–டிஎன்’ என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது அரசுப் பதிவு எண். கடல் வானொலியிலும், படகை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியிலும் பதியும் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் வேறு. இந்தியப் படகுகளுக்கு அது 419 என்று தொடங்கும். பாய் எண் என்பது இந்த இரண்டிலும் சேராதது. உலகப் பாய்ப்படகு அமைப்பான வேர்ல்ட் செயிலிங் வகுத்த பந்தய விதிகள் கேட்கும் எண் அது. பந்தயத்துக்கே போகாமல் மாலை நேரத்தில் குடும்பத்தோடு ஓட்டப்போகிறவருக்கு அந்த விதிகளின்படி அது தேவையில்லை. அவர் அந்தச் செலவை நல்ல வானொலிக்கும் உயிர்காப்பு அங்கிக்கும் செய்யட்டும்.

பந்தயத்தில் இறங்கினால் கதை வேறு. ஒரே வகைப் படகுகள் நாற்பது ஒன்றாகத் தொடக்கக் கோட்டை நோக்கி வரும்போது, முந்திக்கொண்டு தாண்டியது யார் என்று பந்தய அதிகாரி எண்ணை வைத்துத்தான் குறித்துக்கொள்வார். கறுப்புக்கொடி ஏற்றிய தொடக்கத்தில் இது இன்னும் கடுமை. கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கு அப்பால் அகப்பட்ட படகு விசாரணை இல்லாமலே தகுதி இழக்கும். எல்லாரையும் திருப்பி அழைத்து மறுபடி தொடங்கினால், அந்தப் படகின் பாய் எண்ணை எல்லாரும் காணக் காட்டவேண்டும். அது மறுதொடக்கத்தில் கலந்துகொள்ளக் கூடாது. உங்கள் பாயில் அடுத்தவர் எண் இருந்தால் தண்டனை யாருக்குப் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஐஎல்சிஏ படகை, அதாவது நாம் லேசர் என்று சொல்லிப் பழகிய படகை, வாங்குகிறவருக்குத் தலைவலி குறைவு. சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக் வரை சென்றது இந்தக் குடும்பத்துப் படகில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே படகின் உடலில் எண் பதிந்திருக்கும், அதுவே பாய் எண். படகு நான்கு கை மாறினாலும் எண் மாறாது. இரண்டு லட்சத்தைத் தாண்டி எண்கள் ஓடுவதால் ஆறு இலக்கம் வரும். கடைசி நான்கும் அடர்ந்த நிறத்திலும் முன்னால் உள்ளவை வேறு நிறத்திலும் இருப்பது வாசிப்பவரின் வசதிக்காக. பழைய படகு வாங்கியவர் பாய் எண்ணையும் உடலில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பாய் வேறொரு படகிலிருந்து வந்தது என்று பொருள். மாற்ற வேண்டியது பாயில் உள்ளதைத்தான்.

பெரிய யாட் வைத்திருப்பவர் தேசிய அமைப்பிடம் எண் வாங்கவேண்டும். இந்தியாவில் அது யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா, பிரிட்டனில் ஆர்ஒய்ஏ. பந்தய விதி நான்கு இலக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 1997 ஏப்ரல் 1க்கு முன்பே அங்கீகாரம் பெற்ற படகு வகைகளுக்கு மட்டும் விலக்கு. வெவ்வேறு படகுகளைச் சமப்படுத்திப் போட்டியிடவைக்கும் ஐஆர்சி, ஓஆர்சி போன்ற சான்றிதழ்களிலும் இந்த எண் ஏறும், ஆகவே பாயை மாற்றிச் சான்றிதழை மறந்தால் வம்பு. யாட் வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எண் படகோடு வருகிறதா, விற்பவர் தன்னோடு எடுத்துப்போகிறாரா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. படகு வகையின் விதி அனுமதித்தால் உரிமையாளர் தனக்கென ஒரு சொந்த எண்ணைப் பெற்று, அந்த வகையில் தான் வைத்திருக்கும் எல்லாப் படகுகளிலும் அதையே பயன்படுத்தலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகை மாற்றும் தீவிரப் போட்டியாளருக்கு இதைவிட நல்லது இல்லை. பாய்களை வீணாக்காமல் அடுத்த படகுக்கு ஏற்றிக்கொள்ளலாம். எப்போதாவது ஓட்டுகிறவருக்கு இது வேண்டாத வேலை.

வெளியூர்ப் பந்தயத்துக்கு வாடகைப் படகில் போகிறவர் போட்டி அறிவிப்பைப் படித்தால் போதும். அதில் அனுமதித்திருந்தால் பொருந்தாத எண்ணோடும் ஓட்டலாம்.

நாட்டு எழுத்துகள் சர்வதேசப் போட்டிகளுக்கே கட்டாயம். இந்தியாவுக்கு ஐஎன்டி, இலங்கைக்கு எஸ்ஆர்ஐ. இந்த மூன்றெழுத்து முறை 1990களில் வந்தது. 1983இல் அமெரிக்கா கோப்பையை அமெரிக்கர்களிடமிருந்து முதன்முதலாகப் பறித்த ஆஸ்திரேலியா–2 படகின் பாயில் இருந்தது ‘கேஏ 6’. 1995இல் அதே கோப்பையை வென்ற நியூசிலாந்துப் படகு ‘என்இசட்எல் 32’. பாய்ப்படகை நேசிப்பவர்கள் இந்த இரண்டையும் எண்ணைச் சொல்லியே இன்றும் நினைவுகூர்கிறார்கள். உள்ளூர்க் குளப் பந்தயத்துக்கு மட்டும் போகிறவர் நாட்டு எழுத்துகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆனால் பாயில் அதற்கு இடம் ஒதுக்கி எண்ணை ஒட்டுங்கள். பிறகு பிரித்து ஒட்டுவது பெரும்பாடு.

ஒட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். எழுத்தின் குறைந்தபட்ச உயரம் படகின் நீளத்தைப் பொறுத்தது: 3.5 மீட்டருக்குக் குறைந்தால் 230 மில்லிமீட்டர், 8.5 வரை 300, 11 வரை 375, அதற்கு மேல் 450. எண்களுக்கு இடையே உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விடுங்கள். முதன்மைப் பாயின் இருபுறமும் ஒட்டவேண்டும், வலப்பக்கத்து எண் மேலே, இடப்பக்கத்தது கீழே. இரண்டையும் ஒரே உயரத்தில் ஒட்டினால் வெயில் ஊடுருவும்போது ஒன்றின் நிழல் மற்றதில் விழுந்து எதுவும் புரியாது. முன்னால் பலூன்போல விரியும் ஸ்பின்னேக்கர் பாயில் முன்பக்கம் போதும்.

மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள், உப்பும் வெயிலும் தின்றுவிடும். பாய் தைப்பவரிடம் கிடைக்கும் பசைத்துணியே சரி. பழைய எண்ணை உரிக்க முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடேற்றுங்கள், பசை இளகும். ஒன்றுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்: எண்ணுக்கு அடியில் இருந்த துணி வெயில் படாததால் வெளுப்பாக, பழைய எண்ணின் வடிவத்திலேயே தெரியும். புது எண்ணை அதன்மேலேயே முடிந்தவரை மூடி ஒட்டுங்கள். பாய் இன்னும் ஒரு பருவம்தான் தாங்கும் என்றால் இவ்வளவு பாடுபடாமல் புதுப் பாய் தைக்கக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

விதி மீறியிருந்தால் விசாரணைக் குழு எச்சரித்து அவகாசம் தரலாம், தண்டிக்கவும் செய்யலாம். ஆகவே முதல் பந்தயத்துக்கு முந்தைய நாள் பாயை ஏற்றி நூறு மீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். கரையில் இருக்கும் நண்பர் ஒருவரைக் கண்ணைச் சுருக்காமல் எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் அன்று மாலையே பிரித்து ஒட்டிவிடுங்கள்.