லால்பாக்கில் அரை நாள்

கேள்வி: மகள் வீட்டுக்குப் பெங்களூரு போகிறோம். லால்பாக் பார்க்க ஒரு மணி நேரம் போதுமா? (வாசகி, பேட்டை, திருநெல்வேலி)

பதில்: போதாதம்மா. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம், இன்று 240 ஏக்கர். எல்லாரும் நேரே 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகைக்கு ஓடுவார்கள். மலர்க் கண்காட்சி இல்லாத நாளில் அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் கெம்பகவுடா கோபுரம் நிற்கும் பாறைமேல் ஏறுங்கள். சுமார் 300 கோடி ஆண்டு வயதான பாறை. சாம்பலும் வெளுப்புமாக வரி ஓடுவதைக் குனிந்து பாருங்கள். வெயிலேறினால் சுடும், காலையிலேயே போய்விடுங்கள். அடுத்து, பழைய இலவ மரம். அதன் வேர்ப்பலகைகளுக்கு நடுவே ஆளே ஒளிந்துகொள்ளலாம். சுதந்திர தினம், குடியரசு தினத்தையொட்டிய கண்காட்சியின்போது கூட்டம் நம்ம நெல்லையப்பர் தேரோட்டம்தான். பூ பார்த்தே ஆகவேண்டும் என்றால் மட்டும் அப்போது போங்கள். பச்சை வழி மெட்ரோவில் லால்பாக் என்றே நிலையம் இருக்கிறது.