பழைய தமிழ்க் கோப்புகளும் புதிய கணினியும்

கேள்வி: பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரைகளைப் புதிய கணினிக்கு மாற்றினால், அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிவது ஏன்?

பதில்: கோப்புகள் சிதைந்துவிட்டன என்று கருத வேண்டியதில்லை. கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. அதற்குரிய எண்ணை மட்டுமே சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வகுக்கும் முறை குறியேற்றம் எனப்படும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்துக்கொண்டமையால், ‘அம்மா’ என்னும் சொல் கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே பதிவாகியுள்ளது. எழுத்துரு இல்லாத கணினி அவற்றை அப்படியே காட்டுகிறது.

ஆதலால், ஆவணங்களுடன் பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ பகுதியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் படியெடுத்துப் புதிய கணினியில் நிறுவினால், கட்டுரைகள் முன்போலவே தெரியும். எனினும், அவற்றில் ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளிலேயே தட்டெழுதித் தேடிக் கண்டடைய இயலாது என்பதால், உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறைக்கு அவற்றை மாற்றிவைப்பதே நிலையான தீர்வாகும். குறிமாற்றி எனப்படும் மென்பொருள் இதனைச் செய்யும். ஆனால் வெறும் உரையாக ஒட்டப்பட்டதில் எது உண்மையான ஆங்கிலச் சொல் என்று அதனால் பிரித்தறிய இயலாது. எனவே, ஆங்கிலம் கலந்த பத்திகளில் தமிழ்ப் பகுதிகளை மட்டும் தேர்ந்து மாற்றுவதும், மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருப்பதும் இன்றியமையாதவை.