மீத்திறன் கணிப்பொறியை அணுகுவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

முன்னுரை

விஞ்ஞானம் வளர வளரக் கணக்குகளும் வளர்கின்றன. வானிலையை முன்னறியவும் மருந்து மூலக்கூறுகளை ஆராயவும் சாதாரணக் கணிப்பொறி போதாது. அதற்கென அமைந்தவையே மீத்திறன் கணிப்பொறிகள். புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் 1991-இல் 'பரம் 8000' இயந்திரத்தை உருவாக்கி நம் நாட்டில் இத்துறைக்கு அடிகோலியது. 2015-இல் தேசிய மீத்திறன் கணிப்பொறித் திட்டம் தொடங்கிய பின், இவை பல கல்வி நிலையங்களுக்கும் வந்தன. அவற்றுள் ஒன்று திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 'பரம் பொருள்'. அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப். அதாவது, விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்!

அமைப்பு

இது ஒரே பெரிய இயந்திரம் அன்று. அதிவேக இணைப்பால் ஒன்றுசேர்ந்த பல கணிப்பொறிகளின் கூட்டம். ஒவ்வொன்றும் 'கணு' எனப்படும். வலைப்பின்னல் வழியே நாம் முதலில் சேரும் இடம் நுழைவுக் கணு. கோப்புகளை வைப்பதும் நிரலைத் திருத்துவதும் அங்கேதான். பெருங்கணக்கை அங்கே ஓட்டலாகாது. ஓட்டினால் எல்லோர் வேலையும் தடைப்படும். அதற்கென உள்ளவை கணிப்புக் கணுக்கள்.

வரிசை முறை

வேலைகளை வரிசைப்படுத்துவது 'ஸ்லர்ம்' என்னும் மென்பொருள். எத்தனை உள்ளகங்கள், எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் தேவை என்று ஒரு சிறு கோப்பில் எழுதி, 'எஸ்பேட்ச்' என்ற கட்டளையால் ஒப்படைக்க வேண்டும். நேரத்தைக் குறைத்துக் கேட்டால் வேலை பாதியில் நிறுத்தப்படும். மிகுத்துக் கேட்டால் வரிசையில் நெடுநேரம் காத்திருக்க நேரும். ஆகவே, முதலில் சிறிய அளவில் ஓட்டிப் பார்த்து, அளந்து கேட்பதே முறை.

பகிர்ந்து செய்தல்

உள்ளகங்களைக் கூட்டினால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா? எங்கள் திருவாதவூர் வயல்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 10 நாளில் நடும் வயலை 10 பேர் ஒரே நாளில் நட்டுவிடலாம். ஆனால் நாற்று வளர வேண்டிய 25 நாளை ஆள் சேர்த்துக் குறைக்க முடியுமா? ஜீன் ஆம்டால் என்ற அறிஞர் 1967-இல் எடுத்துக்காட்டிய உண்மையும் இதுவே. ஒரு நிரலின் வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பகிர இயலாது என்றால், 1000 உள்ளகங்கள் கொடுத்தாலும் வேகம் 10 மடங்கைத் தாண்டாது. எனவே நிரலைப் பகிரத்தக்கதாக எழுதும் திறமையே முதல் மூலதனம்.

முடிவுரை

இத்தகைய இயந்திரங்களில் பயனர் அனுமதி பொதுவாக ஆய்வு வழிகாட்டியாகிய பேராசிரியர் வழியே கிடைக்கும். பட்ட வகுப்பில் இருக்கும் நாம் அதற்காகச் சோர்ந்துவிட வேண்டா. லினக்ஸ், ஸ்லர்ம் இரண்டும் இலவச மென்பொருள்கள். நான்கு உள்ளகங்கள் கொண்ட சாதாரணக் கணிப்பொறியிலேயே 'ஓப்பன் எம்.பி.', 'எம்.பி.ஐ.' முறைகளில் கணக்கைப் பகிர்ந்து செய்து பழகலாம். நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். இயந்திரத்தின் விலை கோடிக்கணக்கில் இருக்கலாம். அதை ஆளும் அறிவுக்கு உழைப்பே விலை. அவ்வுழைப்பு நம் வீடுகளுக்குப் புதியதன்று. இன்றே தொடங்குவோம்!